அழுமூஞ்சி கோல்

அந்த வட்டாரத்தில் வயதானவர்கள் வாய்விட்டுச் சிரித்தால், அதில் பாதிச் சிரிப்பு அவள் கைவேலை. பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் சாந்து ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளவென்று பல் செட்டாகத் திருப்பி அனுப்புவாள். இருபது வயதைத் தாண்டியதும் அந்தப் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. எல்லோருக்கும் அவள் பல்லக்கா. எழுபது வயதுக்காரர்களும் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பல்லக்கா, கீழ்வரிசை ஆடுது" என்று பொக்கை வாயால் முறையிடுவார்கள்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் உள்ள அத்தனை அரைகுறை ஓட்டுநர்களுக்கும் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவர். வீட்டில் அவள் டீயைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினால்கூட அவர் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வாசலை ஒட்டிய சின்ன அறையில் பல்லக்காவின் அப்பா இருந்தார். தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். அம்மா போய் எட்டு வருடமாகிறது.

கூடத்து அலமாரிக்கு மேலே, சட்டத்துக்குள், அண்ணன் இருந்தான். இருபத்து நான்கு வயதிலேயே நின்றுபோன முகம். பஸ் கவிழ்ந்து செத்தவன்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சட்டத்தைத் துடைப்பது அவள் வழக்கம். அப்படித் துடைக்க ஏறிய ஒரு நாள்தான் நாற்காலி சாய்ந்து கணுக்கால் பிசகியது. கட்டுப் போட்ட டாக்டர், காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள். முதல் வாரமே வீட்டில் இருந்த எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துவிட்டாள். திரைச்சீலை கோணல், குழம்பில் உப்பு, கணவர் தும்முகிற விதம்.

"உன்னை இப்படியே விட்டா நான் வீட்டை விட்டு ஓடிடுவேன்" என்றார் அவர். "சின்ன வயசுல ஏதோ பந்து விளையாட்டு விளையாடுவேன்னு சொல்லுவியே, கம்ப்யூட்டர்ல. அதெல்லாம் இப்போ மறுபடி கிடைக்குதாம். எங்கிட்ட வண்டி கத்துக்க வர்ற பொண்ணு சொல்லுச்சு."

"எது, பச்சைத்திரையா?" அவள் முதல்முறையாக அந்த வாரத்தில் சிரித்தாள்.

பச்சைத்திரை என்பது அந்த விளையாட்டின் பெயர் அல்ல. வீட்டில் அவர்கள் வைத்த பெயர். அண்ணன் பள்ளி முடித்த கையோடு ரேடியோ ரிப்பேர்க் கடையில் சேர்ந்திருந்தான். யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஒரு கம்ப்யூட்டரை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் என்றால் வெறும் விசைப்பலகை. அதற்குள்ளேயே எல்லாம். டிவியில் வயரைச் செருக வேண்டும். விளையாட்டை கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். கேசட் ஓடும்போது வீடே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி ஒரு கிறீச்சல். அந்த நேரம் யாராவது தரையில் தொம்தொம்மென்று நடந்தால் போச்சு, முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அப்பா செய்தி பார்க்க வருவார். வேண்டுமென்றே தொம்தொம்மென்று நடந்து வருவார்.

ஏறிவிட்டால் திரை முழுக்கப் பச்சை மைதானம். மேலேயிருந்து காக்கை பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். எறும்பு அளவு ஆட்கள், முகம் கிடையாது, சட்டை நிறம் மட்டும்தான் அடையாளம். ஜாய்ஸ்டிக் ஒன்றே ஒன்று இருந்தது, அது அண்ணனுக்கு. தங்கைக்கு விசைகள். மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், உதைப்பதற்கு அடியில் இருக்கும் நீளக் கட்டை.

அந்த விளையாட்டில் முதல் நாள் யாரும் ஆட முடியாது. ஏனென்றால் பந்து காலில் ஒட்டாது. ஆள் ஓடுவான், பந்து முன்னால் உருளும். திரும்பினால் பந்து நேரே போய்விடும், ஆள் மட்டும் திரும்பியிருப்பான். அவள் பத்து அடி ஓடுவதற்குள் பத்து தடவை பந்தைத் தொலைத்துவிட்டு, "இது கெட்டுப்போன கேசட்" என்று எழுந்துபோனவள்தான்.

அண்ணன் விடவில்லை. "பந்தைத் துரத்தாதே பென்சிலு. அது போற இடத்துக்கு நீ முன்னாடி போய் நில்லு." அவளுக்கு அப்போது ஒல்லி உடம்பு, கூர் மூக்கு, அவன் வைத்த பெயர் பென்சில். "திரும்பணும்னா முதல்ல நின்னுடு. நின்னுட்டுத் திரும்பு. பட்டனை லேசாத் தட்டினா பாஸ், அழுத்திப் பிடிச்சா ஷாட். பந்து உங்கிட்ட இல்லாதப்போ அதே பட்டன், சறுக்கிப் பிடுங்குறதுக்கு. பின்னாலேருந்து சறுக்காதே, ஆளை வெளியே அனுப்பிடுவான்."

இன்னொரு ரகசியம் இருந்தது. பந்தை உதைத்துவிட்ட பிறகும் ஒரு கண்ணிமைப்பு நேரம் அது நம் பேச்சைக் கேட்கும். உதைத்த உடனே பக்கவாட்டு விசையைத் தட்டினால் பந்து காற்றில் வளையும். வலையைக் காக்கிற கோலியை இந்தப் பக்கம் இழுத்துவிட்டு அந்தப் பக்கம் நுழையும். அண்ணனின் கை அதில் தேர்ந்த கை. இடதுகோடி மூலையிலிருந்து உதைப்பான். பந்து மைதானத்துக்கு வெளியே போகிற மாதிரி போய், மனசு மாறின மாதிரி வளைந்து வந்து வலைக்குள் விழும்.

அவனுக்கு இரண்டு கிறுக்குத்தனங்கள் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் முதல் பந்தைப் பின்னால் தன் கோலிக்கே அனுப்புவான். "பெரியவங்களைக் கேட்டுட்டுத்தான் வேலையைத் தொடங்கணும்" என்பான். இரண்டாவது, தங்கைக்கு எதிராக ஐந்து கோல் போட்டதும் அவள் உதடு பிதுங்கத் தொடங்கும். உடனே அவன் பந்தோடு திரும்பி, தன் ஆட்களையே தாண்டி ஓடி, தன் கோலுக்குள்ளேயே நிதானமாக நடந்துபோய் பந்தைப் போடுவான். ஐந்துக்கு ஒன்று. அதற்குப் பெயர் அழுமூஞ்சி கோல்.

"எனக்கு ஒண்ணும் பிச்சை வேணாம்" என்று கத்துவாள். ஆனால் உதடு பிதுங்குவது நின்றுவிடும்.

அவன் இருபத்து நான்காம் வயதில், டெலிபோன் பூத் வைத்திருந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று வந்து நின்றான். அவள் அவனைவிட மூத்தவள். ஏற்கெனவே ஒருமுறை கல்யாணமாகிக் கணவனைப் பறிகொடுத்தவள். அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அம்மா இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடிபட்டாள். அண்ணன் ஒரு பையோடு அந்தப் பெண்ணுடன் வேறு ஊருக்குப் போய்விட்டான். சில மாதம் கழித்து, பஸ் கவிழ்ந்துவிட்டது, உங்கள் பையன் சட்டைப்பையில் உங்கள் நம்பர் இருந்தது என்று ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து தண்ணீர் நிலையத்துக்குப் போன் வந்தது. அப்பா தனியாகத்தான் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, "முடிஞ்சுபோச்சு" என்றார். அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்ததாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்து முப்பது வருடமாகிவிட்டது.

கணவர் அந்த மாணவியிடம் கேட்டு எழுதிவந்ததைப் பார்த்துப் பார்த்து மடிக்கணினியில் பச்சைத்திரையை ஏற்றினார். பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு நிரல். அதற்குள் பழைய விளையாட்டு. கேசட் கிறீச்சல்கூட உண்டு. வேண்டாமென்றால் தாண்டிவிடலாம். அவள் தாண்டவில்லை. கிறீச்சலைக் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இந்த விசை எல்லாம் தப்பு, மாத்துங்க" என்று அதிகாரம் பண்ணத் தொடங்கினாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

கைக்கு எதுவும் மறக்கவில்லை. முப்பது வருடம் மெழுகில் பல் நட்ட விரல்கள், முன்பைவிட நிதானமாகவே வேலை செய்தன. கணினியை நாலு நாளில் தோற்கடித்துவிட்டாள். அதன் பிறகு, இணையத்தில் அதை இன்னமும் ஆடுகிற ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள், எல்லோரும் நரைத்தவர்கள், புனைபெயரில் வருகிறவர்கள். அவள் 'கடைவாய்' என்ற பெயரில் சேர்ந்தாள். இணைய வேகம் குறைந்தால் ஆட்கள் நின்ற இடத்தில் தாம்தூம் என்று துள்ளுவார்கள். அது ஒன்றுதான் புதுசு. ஜெயித்தாள், தோற்றாள். யாரும் அவளை இரண்டு கோலுக்கு மேல் தாண்டவில்லை.

ஒரு ஞாயிறு பிற்பகல். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிராளியின் பெயர் 'மூன்றாம் மாடி'. அவள் இதுவரை மோதாதவர். ஆட்டம் தொடங்கியது. எதிராளி முதல் பந்தைப் பின்னால் தன் கோலிக்கு அனுப்பினார்.

"எங்கண்ணன் மாதிரியே பண்றான்" என்று சிரித்தாள்.

முதல் கோல் இடதுகோடி மூலையிலிருந்து வந்தது. வெளியே போகிற மாதிரி போய் வளைந்து விழுந்தது. இரண்டாவதும் அங்கிருந்தே. மூன்றாவதற்கு அவள் தடுப்பாளர்களை அந்தப் பக்கமே கொண்டுபோய் நிறுத்தினாள். பந்து அவர்கள் தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. நான்கு. ஐந்து.

ஐந்தாவது கோலுக்குப் பிறகு அவள் பந்தைத் தொலைத்தாள். எதிராளி அதை எடுத்தார். எடுத்தவர் திரும்பினார். தன் கோல் பக்கமாக ஓடத் தொடங்கினார். தன் ஆட்களையே ஒருவர் ஒருவராகத் தாண்டினார். கோலிக்கு முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைத்து, நடந்து, பந்தைத் தன் வலைக்குள்ளேயே வைத்தார்.

ஐந்துக்கு ஒன்று.

அவள் கையை விசைகளிலிருந்து எடுத்துவிட்டாள். உடம்பு ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது. கடலைத்தட்டு கணவர் மடியிலிருந்து சரிந்தது.

"என்னம்மா? கால் வலிக்குதா? தண்ணி கொண்டுவரட்டா?"

அவள் திரையைக் காட்டினாள். பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "ஏங்க... செத்தவங்க கோல் போடுவாங்களா?" என்று கேட்டாள்.

அவர் பயந்துபோனார். காலுக்குக் கொடுத்த மாத்திரை தலைக்கேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். அவள் விளக்கியதும் அவருக்கும் கடலை தொண்டையில் சிக்கியது. இருந்தாலும் புத்தியுள்ள மனுஷன். "உலகத்துல எவ்வளவோ பேரு ஆடுறாங்க. உங்கண்ணன் யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவசரப்பட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்காதே."

ஆட்டத்தின் ஓரத்தில் செய்தி அனுப்புகிற கட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலும் 'நல்ல ஆட்டம்', 'மறுபடி பார்க்கலாம்' என்பதோடு சரி. அவள் ஒரே ஒரு சொல் அடித்தாள்.

'அழுமூஞ்சி?'

எதிராளியின் ஆட்கள் அப்படியே நின்றார்கள். பதினோரு பேரும். பந்து ஒருவன் காலடியில் கிடந்தது. அவள் ஓடிப்போய் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பச்சை மைதானத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தொடர்பு அறுந்தது.

அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, மூன்றாம் மாடி வரவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிழவரிடம் போய், உங்கள் செத்த பிள்ளை கோல் போட்டான் என்று எப்படிச் சொல்வது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால்? கணவரிடம் மட்டும் திரும்பத் திரும்ப, "நான் பைத்தியம் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் சலிக்காமல், "இல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டத்தில் எழுத்து வந்தது.

'நீங்க யாரு?'

அவள் அடித்தாள். 'பென்சில்.'

அதற்குப் பிறகு ஒரு தொலைபேசி எண் வந்தது. கணவர்தான் போட்டுக்கொடுத்தார், அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுமுனையில் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணே?" என்றாள்.

"பென்சிலு" என்றது ஒரு வயசான ஆம்பளைக் குரல். அந்த ஒரு சொல்லின் கடைசி 'லு'வில் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. அவள் ஓவென்று அழுதாள். அந்தப் பக்கமும் அதே கதை. நடுவில் கணவர் போனை வாங்கி, "மச்சான், நான் உங்க தங்கச்சி வீட்டுக்காரர், வணக்கம்" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சுட்டு இருக்கோம் அண்ணே! உன் போட்டோவை மாட்டி வெச்சிருக்கோம்!"

"என்ன உளர்றே?" என்றான். "நான் எதுக்குச் சாகணும்? தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சுது, அவ்வளவுதான். அப்பாதான் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துட்டுப் போனாரே."

"அப்பா உன்னைப் பாக்க வந்தாரா?" என்றாள்.

"வந்தாரு. கட்டில் பக்கத்துல உக்காந்தாரு. இவளை விட்டுட்டு வா, கூட்டிட்டுப் போறேன்னாரு. உங்க அண்ணி அப்போ முழுகாம இருந்தா. நான் வரலன்னேன். அப்போ சரி, உங்கம்மா உன் முகத்துல முழிக்கமாட்டேன்னு சொல்லிட்டா, இனிமே வாசப்படி ஏறாதேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சுப் பையனையும் தூக்கிட்டு வந்தேன். நம்ம தெருவே இல்ல. வீடுகளை இடிச்சு ரோடு போட்டிருந்தாங்க. அப்பா வேலை செய்யற இடத்துக்குப் போய்க் கேக்க மனசு வரல. நீங்க எங்க போனீங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல." குரல் தணிந்தது. "அம்மா எங்கிட்டப் பேசுவாளா இப்போ? கோபம் போச்சா? அவகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

கணவர் சொல்வார், அந்த நிமிஷம் அவள் முகத்தில் ரத்தமே இல்லை என்று. அம்மா எட்டு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசி வரை 'என் பிள்ளை, என் பிள்ளை' என்று சொல்லிக்கொண்டே போனாள் என்பதையும். அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் எடுத்து, "நான் அண்ணி பேசறேன். அவர் தரையில உக்காந்துட்டார். அப்புறம் பேசச் சொல்றேன்" என்றாள்.

அப்பா தன் அறையில் வெந்நீர்த் தொட்டிக்குள் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வாசலில் போய் நின்றாள். பின்னால் கணவர், விழுந்தால் பிடிக்கத் தயாராக.

"அப்பா. அண்ணன் போன்ல பேசினான்."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை, யார் என்று கேட்கவில்லை, பைத்தியமா உனக்கு என்று திட்டவில்லை. தொட்டித் தண்ணீரையே பார்த்தார்.

"எப்படி இருக்கான்?" என்றார்.

அவள் வாழ்க்கையில் எத்தனையோ அதிர்ச்சிகளைப் பார்த்திருக்கிறாள். அந்த மூன்று நாளில் பார்த்தது போதாதா? இருந்தும், அந்த ஒரு கேள்விக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை. ஊன்றுகோல் நழுவியது. கணவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். "இத்தனை வருஷமும் தெரியும். அவன் செத்துட்டான்னு சொன்னீங்களேப்பா!"

"நான் அப்படிச் சொல்லல." கிழவர் குரல் உயரவில்லை. "முடிஞ்சுபோச்சுன்னு சொன்னேன். அவனுக்கும் நமக்கும் முடிஞ்சுபோச்சுன்னு சொல்ல வந்தேன். உங்கம்மா அழ ஆரம்பிச்சுட்டா."

"அவனைப் புதைச்ச இடத்தைப் பாக்கணும்னு அம்மா கெஞ்சினாளே!"

"அங்க ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன். ஒண்ணும் இல்லதானே."

"போட்டோ மாட்டினப்போ நீங்கதானே ஆணி அடிச்சீங்க? உங்க கையால!"

கிழவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார், துடைக்கத் துண்டைத் தேடினார், கிடைக்கவில்லை, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

"ஏம்பா?" என்றாள்.

"முதல்ல கோபம்" என்றார். "ஒரு மாசம் கோபம் இருந்துச்சு. அது போனதும் பயம் வந்துடுச்சு. சொன்னா உங்கம்மா என்னை என்ன பண்ணுவாளோன்னு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அவ போயே போயிட்டா. அப்புறம் சொல்லி யாருக்கு என்ன?"

எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று அவள் சொல்லவில்லை. அந்த அறையில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

மறுநாள், கால் சரியாகாமலே, பட்டறைக்குப் போனாள். வீட்டில் இருக்க மூச்சு முட்டியது. ஒரு செட்டுக்குப் பல் நட்டாள். சாயங்காலம் சரிபார்த்த முதலாளி கூப்பிட்டார்.

"பல்லக்கா, இது என்ன? வலது கடைவாய்ப் பல்லை இடது பக்கம் நட்டிருக்கீங்க. இதைப் போட்டா மனுஷன் காதைத்தான் கடிப்பான்." சிரித்துக்கொண்டே சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். அவள் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலிலிருந்து நட்டாள்.

அண்ணன் வந்தான். தலை வழுக்கை, ஒரு தோள் லேசாகச் சாய்ந்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலையாம். மூன்றாம் மாடி வீட்டில் குடியாம். பின்னாலேயே அண்ணி. வெள்ளை முடியை இழுத்துக் கட்டிய, கண்ணாடி போட்ட, வெடுக்கென்று பேசுகிற பெண். மகன் கப்பலில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். தங்கையும் அண்ணனும் வாசலிலேயே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணவர் இரண்டு முறை "உள்ளே வாங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தானும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கூடத்துக்குள் வந்ததும் அண்ணன் தன் போட்டோவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதுல நான் அழகாத்தான் இருக்கேன்" என்றான்.

அண்ணி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "இறக்குங்க அதை. உசிரோட இருக்கிற மனுஷனை மாட்டி வெச்சுக்கிட்டு" என்றாள். கணவர் நாற்காலி போட்டு ஏறினார். பல்லக்கா நாற்காலிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்பா அறைக் கதவு திறந்தது. கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மகனும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மகனுக்கு இப்படி வழுக்கை விழுந்திருக்குமென்று அவர் நினைத்திருக்க மாட்டார். கை தானாக எழுந்து தன் தலையைத் தடவிக்கொண்டது.

"உங்களைப் பாக்க வரல" என்றான் அண்ணன். "தங்கச்சியைப் பாக்க வந்தேன். அம்மாவைப் புதைச்ச இடத்தைப் பாக்க வந்தேன்."

"சரி" என்றார் கிழவர்.

அண்ணிதான் அவர் பக்கத்தில் போனாள். அவள் அடிக்கவும் இல்லை, காலில் விழவும் இல்லை. "மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அத்தை அழறப்போ நீங்க அதே வீட்டுலதானே இருந்தீங்க? எந்த ரூமுக்குப் போயிடுவீங்க?"

"பம்ப் ஹவுஸுக்கு" என்றார் கிழவர். "அங்க சத்தத்துல ஒண்ணும் கேக்காது." அதைச் சொன்னதும் அவர் முகம் குலைந்தது. முப்பது வருடத்தில் அவர் அழுததை மகளும் பார்த்ததில்லை. யாரும் அருகில் போகவில்லை. அண்ணி மட்டும் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கணவர் காரில் கூட்டிப்போனார். மாணவர்களுக்கான கார், 'பயிற்சி வாகனம்' என்று தலையில் பலகை. அண்ணன் அம்மாவின் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "அம்மா, நான் வந்துட்டேன்" என்று சொன்னான். பிறகு, யாரோ எதிரில் இருக்கிற மாதிரி, என்ன வேலை செய்கிறான், பையன் எந்தக் கப்பலில் இருக்கிறான், அம்மாவின் மருமகள் எப்படிப்பட்டவள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். அண்ணி நடுவில் புகுந்து, "உங்க பிள்ளை துணி மடிக்கமாட்டார் அத்தை" என்று புகார் சொன்னாள். பல்லக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா கேட்டிருக்க வேண்டிய பேச்சு.

அப்பாவை என்ன செய்தாள் என்று பட்டறையில் கேட்டார்கள். "என்ன செய்யறது? சாப்பாடு போடறேன்" என்றாள். மன்னித்துவிட்டாயா என்று ஒருத்தி கேட்டதற்கு, "இல்ல" என்றாள். மறுபடி கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்பாவுக்குத் தட்டு வைப்பாள், மாத்திரை வைப்பாள், துணி துவைப்பாள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். கிழவரும் கேட்கமாட்டார்.

அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். அப்பா அறைப் பக்கம் திரும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டே இருவரும் பச்சைத்திரை ஆடுவார்கள். போன் ஒலிபெருக்கியில் இருக்கும். "சறுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அவன் அங்கிருந்து கத்துவான், "நீ உன் வேலையைப் பாரு!" என்று இவள் இங்கிருந்து கத்துவாள்.

அந்த நேரத்தில் வாசலறையில் அப்பாவின் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் குரல் வந்ததும் அது நின்றுவிடும். அவன் குரலைக் கேட்கத்தான் அப்பா அதை நிறுத்துகிறார் என்பது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. எழுந்துபோய்க் கூடத்துக் கதவைச் சாத்தலாமா என்று ஒருமுறை நினைத்தாள். போனின் ஒலியைக் குறைக்கலாமா என்றும் நினைத்தாள்.

"என்ன, ஆள் நிக்குது? தூங்கிட்டியா?" என்றான் அண்ணன்.

"இல்ல, இல்ல, இருக்கேன்" என்று சொல்லி, கதவை இருந்தபடியே விட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.